ஆயூவை எழுப்பும் குரல்

எங்கள் சந்தில் யாரும் அலாரம் வைத்துக்கொள்வதில்லை. பௌச்சு அக்கா இருக்கும்போது அலாரம் எதற்கு? எங்கள் துறைமுக ஊர் கீலுங்கில் வழக்கம்போல மழை பெய்தாலும் சரி, அதிசயமாக ஒருநாள் வெயில் அடித்தாலும் சரி, காலையில் நான் கடையைத் திறந்து முதல் முட்டை ரொட்டியைக் கல்லில் புரட்டுகிற நேரத்துக்கு மேல்மாடியிலிருந்து அந்தக் குரல் இறங்கும். "ஆயூ." கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. "ஆயூ, நேரமாச்சு." அதற்கும் பதில் வராது. மூன்றாவது தடவை அந்த 'யூ'வைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பாள் பாருங்கள், மேல்கோடியில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து உடம்பை உதறும். அதைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல் தேய்ப்பார்கள். டாக்சிக்காரன் வெய்ச்சுங் சாவியைத் தேடுவான்.

ஆயூ என்பது வீட்டுப் பெயர். பள்ளிக்கூடத்தில் செங்யூ. ஒரே பிள்ளை, முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகவில்லை, துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை. தலைமுடி நாலு திசைக்கும் நிற்க, கையில் ஹெல்மெட்டோடு படியிறங்கி நேராக என் கடைக்குத்தான் வருவான்.

"உங்கம்மா குரலுக்குக் கப்பலே திரும்பிப் பாக்கும். நீ எப்படிடா தூங்கறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தூங்கறேன்னு யாரு அக்கா சொன்னாங்க? ரெண்டாவது தடவையே முழிச்சுக்குவேன். மூணாவதையும் கூப்பிட்டு முடிக்கட்டும்னுதான் படுத்திருக்கேன்." சொல்லிவிட்டுக் கண்ணடித்து, ரொட்டிப் பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான். தடிப்பயல்.

அந்த வியாழக்கிழமை மூன்றாவது தடவையும் தாண்டிவிட்டது. நாலு, ஐந்து என்று குரல் ஏறிக்கொண்டே போனது. சோயா பால் வாங்க நின்றவர்களிடம், "இன்னிக்கு நல்லா அடி வாங்கப் போறான்" என்று சொல்லிச் சிரித்தேன். பௌச்சு அக்கா துணி மாட்டுகிற ஹேங்கரை எடுத்துக்கொண்டு போய், போர்வைக்கு மேல் காலில் ஒரு போடு போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் கேட்டது கூப்பிடுகிற சத்தம் இல்லை.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். விடிவதற்கு முன்பே போய்விட்டானாம். டாக்டர் இதை ஆறுதல்போலச் சொன்னார். அவள் கூப்பிட்டதெல்லாம் வெறும் உடம்பைத்தான் என்பது எந்த வகையில் ஆறுதல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சந்தின் நடுவில் நீலத் தார்ப்பாயைக் கட்டிப் பந்தல் போட்டோம். வீட்டுக் கூடத்தில் வைக்கக் கூடாது. அம்மா அப்பா உயிரோடு இருக்கும்போது முந்திக்கொண்டு போனவனுக்குக் கூடத்தில் இடமில்லை. உடம்பு மலைமேல் சுடுகாட்டுக் குளிர்பெட்டியில் இருந்தது. பந்தலில் அவன் போட்டோவும், பழத்தட்டும், நீளமாக ஒரு மேசையும். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து மஞ்சள் தாளில் தாமரை மடித்தோம். போகிறவன் அதில் ஏறி நின்று போக வேண்டும். எங்கள் சந்தில் யார் வீட்டுச் சாவென்றாலும் வேலை முடிந்து வருகிறவர்கள் கை கழுவிவிட்டு வந்து மடிப்பதுதான் வழக்கம். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா?

சடங்கு நடத்த வந்தவர் ஊ மாஸ்டர். நல்ல மனிதர்தான், ஆனால் விதிகளை மனப்பாடம் செய்த ஆள். என்றைக்கு எடுக்கிறது, யார் யார் பஸ்ஸில் வருகிறது என்று அவர் சொல்லிக்கொண்டு வரும்போது பௌச்சு அக்கா குறுக்கே பேசினாள்.

"நானும் வரேன்."

"அம்மா, பெத்தவங்க வரக்கூடாது. முந்திக்கிட்டுப் போனதே அவன் பண்ணின பெரிய தப்பு. நீங்க வேற அங்க வந்து நின்னு அழுதீங்கன்னா, அதுவும் அவன் தலையிலதான் ஏறும். அந்த உலகத்து வாசல்ல நிறுத்திக் கேள்வி கேப்பாங்க."

"அப்ப யாரு அவனைக் கூப்பிடுவா?"

எல்லாருக்கும் அவள் கேட்டது புரிந்தது. சுடுகாட்டில் பெட்டியை உலைக்குள் தள்ளுகிற நேரத்தில், வெளியே நிற்கிறவர்கள் உரக்கக் கூப்பிட்டு, நெருப்பு வருது ஓடு, நெருப்பு வருது ஓடு என்று கத்த வேண்டும். உடம்பை விட்டுப் போக மனசில்லாமல் உள்ளேயே படுத்திருக்கிற உயிர் அதைக் கேட்டு எழுந்து ஓடிவிடும். கேட்காவிட்டால் அதுவும் சேர்ந்து வேகும். இதைச் செய்ய வேண்டியவர்கள் போனவனின் பெண்டாட்டி பிள்ளைகள், இல்லாவிட்டால் தம்பி தங்கைகள். ஆயூவுக்கு இரண்டும் கிடையாது.

"அக்கம்பக்கத்துல யாராவது கூப்பிட்டாலும் போதும்மா" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கு அவனைத் தெரியாது. யாரு கூப்பிட்டாலும் எழுந்துக்க மாட்டான். பட்டாளத்துல இருந்தப்ப வாளியில தண்ணி கொண்டுவந்து ஊத்தித்தான் எழுப்புவாங்களாம். நான் கூப்பிட்டாத்தான் எழுந்துப்பான்." மஞ்சள் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். "அன்னிக்கு ஒருநாள்தான் எழுந்துக்கல. இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாத்துடறேன்."

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பௌச்சு அக்காவின் புருஷன் தியன்பூ அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். காலம் பூரா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த உயரத்தில் பேச ஆள் இல்லாமல் பேசாமலே பழகிவிட்ட மனிதர். மடித்த தாளையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பந்தலுக்கு வந்த ஒவ்வொருவரும் பௌச்சு அக்காவுக்கு ஒரு பாடம் கொண்டுவந்தார்கள். குற்றம் சொல்லவில்லை. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்பதுபோல, ஆளுக்கு ஒன்று, தன் வாழ்க்கையில் அடிபட்டுக் கற்றதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

முதலில் லியாவ் தாத்தா. எண்பத்தெட்டு வயசு. அந்தக் காலத்துக் கப்பல்காரர், இப்போது அவருக்குப் படகு பிளாஸ்டிக் நாற்காலிதான். "போகாதே பௌச்சு. எங்கம்மா செத்தப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். அப்ப நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுதேன். இப்ப சொல்றேன், அதுதான் நல்லதாப் போச்சு. பாக்காததனால எனக்கு அவ சாகவே இல்ல. நேத்துக்கூடக் கனவுல வந்து, ஏன்டா குளிக்கலேன்னு கேட்டா."

"நல்லாக் கேட்டாங்க. எங்களுக்கும் அதே சந்தேகம்தான்" என்றேன். தாத்தா பல் இல்லாத வாயால் சிரித்தார். பௌச்சு அக்காவின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது. அதற்காகத்தான் சொன்னேன்.

வெய்ச்சுங்குக்கு நாற்பத்தைந்து வயசு. பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தெற்கே காவ்ஷியுங்குக்குப் போய்விட்டாள். "அக்கா, நான் வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போகல. வீராப்பு. டாக்சியிலேயே உக்காந்திருந்தேன். இப்ப யாரு ஸ்டேஷனுக்குச் சவாரி கேட்டாலும் வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடறேன். போயிடுங்க. போயி வாய்விட்டு அழுதுட்டு வந்துடுங்க" என்றான். உடனே தாத்தா, "உயிரோட இருக்கறவளைப் பத்தி ஏன்டா இங்க பேசறே?" என்று அவன்மேல் பாய்ந்தார். இரண்டு பேருக்கும் அரைமணி நேரம் சண்டை. தாமரையெல்லாம் கோணலாக மடிந்தது.

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண் பெய்ஷான் வந்தாள். இருபது வயசு. போன மாதம்தான் அவள் காதலித்த பையன் வேறொருத்தியோடு போய்விட்டான், சந்துக்கே தெரியும். "ஆன்ட்டி, நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். யாரு என்ன அட்வைஸ் பண்ணினாலும் கேக்காதீங்க" என்றாள்.

"அப்ப நீ சொன்னதையும் கேக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்துபோய்க் குனிந்து மடிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அதிகமாக மடித்தது அவள்தான். பிறகு எனக்கே பாவமாக இருந்தது, ஒரு கிளாஸ் சோயா பால் சூடாகக் கொண்டுவந்து வைத்தேன்.

குப்பை வண்டியின் பாட்டு கேட்டால் எங்கள் ஊரில் சாவு வீடும் எழுந்திருக்க வேண்டும். வண்டி நிற்காது, குப்பையைத் தரையில் வைக்கவும் கூடாது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் பையோடு ஓடினோம். பௌச்சு அக்காவும் வந்தாள். மகன் போன பிறகும் வீட்டில் குப்பை சேரத்தானே செய்கிறது? தெருமுனையில் நிற்கும்போது எட்டு வயசு யாத்திங் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பழக்கடைக்காரர் மகள். வயசுக்கு மீறிய நியாயம் பேசுவாள்.

"பெரியம்மா, ஸ்கூல்ல எங்களுக்குப் பட்டுப்புழு வளக்கக் குடுத்தாங்க. என்னோடது செத்துப்போச்சு. நான் அழுவேன்னு, நான் வர்றதுக்குள்ள அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க. வந்து பெட்டியைத் திறந்தேன், இலை மட்டும்தான் இருந்துச்சு. அதுலேர்ந்து தினம் ஒரு தடவை திறந்து பாக்கறேன். செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா பாக்கறேன்."

பௌச்சு அக்கா பையை வண்டிக்குள் எறிந்துவிட்டு அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் போகத்தான் போறேன்" என்று என்னிடம் சொன்னாள்.

எனக்கும் ஒரு பாடம் இருந்தது, சொல்லாமல் விடுவேனா? என் புருஷன் போய் ஒன்பது வருஷம். நான் போனேன், கத்தவும் செய்தேன். "அக்கா, அங்க பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு இரும்புக் கதவு. ஆஸ்பத்திரி லிஃப்ட் மாதிரிதான். திறக்கும், மூடும். ஓடுங்க ஓடுங்கன்னு கத்தினேன். வாழ்நாள் பூரா என் பேச்சைக் கேக்காத மனுஷன், அன்னிக்கு மட்டும் கேட்டிருப்பாரா? போனாலும் தீராது, போகாட்டியும் தீராது. அதனால மாஸ்டர் சொல்றபடி செஞ்சுடுங்க. நாளைக்கு மனசு உறுத்தினா அவர்மேலயாவது பழி போடலாம்."

அவள் மேசையில் பாதியில் விட்ட தாமரையை எடுத்து மடித்து முடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் சொல்றது சரியாத்தான் இருக்கு லியென். கேக்கக் கேக்க ஒவ்வொண்ணும் சரின்னுதான் தோணுது. ஆனா அதெல்லாம் உங்க உங்க உடம்புக்குத் தெச்ச சட்டை. எனக்கு எதுவும் பொருந்தல."

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது, பொய் சொல்லவில்லை. நாங்கள் எங்கள் புண்ணைத் திறந்து காட்டியிருக்கிறோம், இவள் சட்டை பொருந்தவில்லை என்கிறாளே என்று. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று பட்டது.

முடிவு பண்ணியது பாடமே சொல்லாத ஆள். எடுப்பதற்கு முந்தின சாயங்காலம், மடித்த தாமரைகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தோம். தியன்பூ அண்ணன் எழுந்து வந்து பௌச்சு அக்காவின் பக்கத்தில் நின்றார். எல்லார் முன்னாலும்தான் சொன்னார், ஆனால் அவளிடம் மட்டும் பேசுகிற குரலில்.

"நாளைக்கு நீ போயிட்டா நான் வீட்டுல தனியா இருக்கணும். அவனோட ஷூ வாசல்லயே கிடக்கு. என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதே."

நாற்பது வருஷக் கல்யாணத்தில் அந்த மனிதர் பெண்டாட்டியிடம் ஒன்று கேட்டு நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பௌச்சு அக்கா அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "சரி" என்றாள்.  எங்கள் அத்தனை பேருடைய வாழ்க்கையும் சேர்ந்து செய்ய முடியாததை அவருடைய பயம் செய்துவிட்டது. அதில் அவளுக்கு என்ன போயிற்று என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ கூப்பிடு. தினமும் காலையில உன் குரலையும்தான் கேட்டுக்கிட்டு இருந்தான், தெரிஞ்ச குரல். எப்படின்னு நான் சொல்லித் தரேன்."

"அக்கா, இவ்வளவு வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. எங்க, கூப்பிடு பாக்கலாம்."

நான் கூப்பிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். "கடன்காரனைக் கூப்பிடற மாதிரி இருக்கு. முதல் தடவை மெதுவா. அவனுக்கு முழிப்பு வரக்கூடாது, தூக்கம் மட்டும் கலையணும். ரெண்டாவதுல நேரமாச்சுன்னு சேத்துக்கோ, ஆனா கோபம் இருக்கக்கூடாது. மூணாவதுதான் முக்கியம். 'ஆ'வைச் சின்னதா விட்டுட்டு, 'யூ'வை வயித்துலேர்ந்து எடு."

நான் திரும்பவும் கூப்பிட்டேன். "மூக்கால பேசாதே" என்றாள். இன்னொரு தடவை. "இப்ப பரவாயில்ல, ஆனா சீக்கிரம் விட்டுடறே." ஐம்பத்தாறு வயசில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு பாட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்குகிற சிறுமியாக நின்றேன். ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் தைரியத்தில், ஆயூ அன்றைக்கு என்னிடம் சொன்னதைச் சொன்னேன், இரண்டாவது தடவையே முழித்துக்கொள்வானாம், மூன்றாவதற்காகத்தான் படுத்திருப்பானாம் என்று.

அவள் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அது சிரிப்பு இல்லை. அவள் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். 

மறுநாள் காலையில் பெட்டியைச் சந்துக்குக் கொண்டுவந்தார்கள். மூடியாகிவிட்டது. ஊ மாஸ்டர் ஒரு மூங்கில் கோலை எடுத்துப் பௌச்சு அக்காவிடம் நீட்டினார். முந்திக்கொண்டு போன பிள்ளையின் பெட்டியைப் பெற்றவர்கள் கோலால் தட்ட வேண்டும். அவன் செய்த தப்புக்கு இங்கேயே தண்டனை கொடுத்தாயிற்று, இனி அங்கே யாரும் அடிக்கக்கூடாது என்பதற்காக. மாஸ்டர் அதைப் பொறுமையாக விளக்கினார். "சும்மா பேருக்குத் தட்டினாப் போதும்மா."

பௌச்சு அக்கா கோலை வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கே அடிச்சுட்டேன் மாஸ்டர். காலுல. அது கணக்குல சேராதா?"

மாஸ்டருக்கு இதற்கு விதி தெரியவில்லை போலிருக்கிறது. கோலைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் தியன்பூ அண்ணன்தான் வந்து அதை வாங்கி, பெட்டியின் ஓரத்தில் வைத்து எடுத்தார். தட்டின சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படியேறினார்கள். பெற்றவர்கள் பார்க்கக்கூடாது. கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்கள்.

பஸ்ஸில் சந்து முழுக்க இருந்தது. தாத்தாவை வெய்ச்சுங் முதுகில் சுமந்து ஏற்றினான், இரண்டு பேரும் பேச்சை விட்டு நாளாகியிருந்தாலும். யாத்திங்கைக் கூட்டிவரக் கூடாது என்று அவள் அம்மா சொல்லிப் பார்த்தாள், அந்தப் பெண் கேட்கவில்லை. பெய்ஷான் ஆயூவின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மலைப்பாதை முழுக்க மழை. நான் மனசுக்குள் 'ஆ'வைச் சின்னதாக விட்டு 'யூ'வை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது ஒன்றுதான் அவள் என்னை நம்பிக் கொடுத்த வேலை.

அங்கே எல்லாம் சுருக்கமாக நடக்கும். வரிசையில் பெட்டிகள், வரிசையில் கதவுகள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தது. தண்டவாளத்தில் பெட்டி நகர்ந்தது.

"ஆயூ" என்றேன், அவள் சொன்னபடி மெதுவாக. "ஆயூ, நேரமாச்சு. நெருப்பு வருது." பெட்டி பாதி உள்ளே போயிருந்தது. மூன்றாவதற்கு மூச்சை எடுத்தேன். குரல் வயிற்றிலிருந்தும் வரவில்லை, மூக்கிலிருந்தும் வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன், கதவு இறங்க ஆரம்பித்துவிட்டது.

அப்போது என் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஒருவர் குரல் இல்லை. தாத்தாவின் உடைந்த குரல், வெய்ச்சுங்கின் தடித்த குரல், பெய்ஷான், பழக்கடைக்காரர், அவர் மனைவி, எல்லாருக்கும் மேலே யாத்திங்கின் கீச்சுக் குரல். "ஆ-யூ..." எங்கே சின்னதாக விட வேண்டுமோ அங்கே விட்டு, எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்து, பௌச்சு அக்காவின் அதே ராகம். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷக் காலை நேரம் சொல்லித் தந்திருக்கிறது. "ஓடு. நெருப்பு வருது, ஓடு" என்று அதற்குப் பிறகு எல்லாரும் கத்தினோம். நானும் கத்தினேன். பக்கத்து வரிசையில் தங்கள் ஆளுக்காகக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கதவு மூடிவிட்டது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும், வந்துவிட்டோம்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. பௌச்சு அக்காவிடம் சொல்ல நல்ல செய்தி இருக்கிறதே. நான் கோட்டை விட்டாலும் சந்தே சேர்ந்து கூப்பிட்டது, உன் குரலில் கூப்பிட்டது என்று சொல்லலாம். அவன் கேட்காமல் இருந்திருக்க மாட்டான் என்று அடித்துச் சொல்லலாம். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன்.

சந்து முனையில் தீட்டுப் போக இலை போட்டு வைத்திருந்த தண்ணீரில் கை முகம் கழுவிக்கொண்டு, எல்லாருமாக மாடியேறினோம். கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சன்னலோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி, இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தியன்பூ அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். குழந்தை கூட்டத்தில் தொலைந்துவிடாமல் பிடித்துக்கொள்கிற பிடி.

"கூப்பிட்டியா?" என்றாள் பௌச்சு அக்கா.

"கூப்பிட்டேன் அக்கா. எல்லாரும் கூப்பிட்டோம். உங்களை மாதிரியே."

"மூணாவதை இழுத்தீங்களா?"

"இழுத்தோம்."

"எழுந்துட்டானா?"

"எழுந்துட்டான்."

"ஓடினானா?"

"ஓடிட்டான் அக்கா. நல்லா ஓடிட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, ஸ்கூட்டரில் இப்போதுதான் கிளம்பிப் போனவனைப் பற்றிக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

என் பின்னால் அத்தனை பேரும் குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்கள். எட்டு வயசிலிருந்து எண்பத்தெட்டு வயசு வரை. இத்தனை நாளும் வாய் ஓயாமல் பேசியவர்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவள் என்று பெயரெடுத்தவள் நான். அவளும் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். கையைத் தூக்கி, சன்னலுக்கு வெளியே, கூரைகளுக்கு அப்பால் கடல் இருக்கிற திசையைக் காட்டினேன்.

பௌச்சு அக்கா அந்தத் திசையையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் மழை ஜாஸ்தியாச்சே" என்றாள்.